பதினோரு நிமிட வேகம்

"அப்பா, மெதுவா சாப்ட்டா கம்மியா சாப்ட்டதா அர்த்தமா?"

ஆரோக்கியசெல்வி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேட்ட இடம், அந்தக் கொம்யூன் பஞ்சாயத்தின் மக்கள் சேவை மையத்தில் மூன்றாம் எண் கவுண்ட்டர். எதிரே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் கேட்டாள். அறிவிப்பில் இப்படி எழுதியிருந்தது: 'இங்குள்ள கணினிகள் மெதுவாக இயங்குகின்றன. ஆகவே குறைவாக மின்சாரம் உண்கின்றன. பொறுமையே தேசபக்தி.'

அவள் அப்பா சூசைநாதன் பண்டசோழநல்லூர்க்காரன். திருபுவனைத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட்டில் லாரிக்கு அட்டைப்பெட்டி ஏற்றுகிறவன். காலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தூங்காமல் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். தூக்கக் கலக்கத்திலும் கேள்வியை யோசித்துப் பார்த்தான்.

"நீ ஒரு இட்லிய ஒரு மணி நேரம் துன்னுற. அதனால அது அரை இட்லி ஆயிடுமா? ஒண்ணுதான?"

"ஆமா. கைதான் காஞ்சி போவும்," என்றாள் செல்வி.

கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்த விஜயராணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் முன்னாலிருந்த கணினித் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து அது சுற்றிக்கொண்டிருந்தது.

செல்வியின் இதயத்தில் பிறக்கும்போதே ஒரு ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பூத்துவிடும். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். செலவு முழுவதும் அரசு மருத்துவ உதவி அட்டையில் போய்விடும். அந்த அட்டை போன மாதம் காலாவதியாகியிருந்தது. குழந்தையின் புதுப் படமும் தகப்பனின் கைரேகையும் கணினியில் ஏறினால் புது அட்டை வரும். பதினேழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் படுக்கை வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போகும். செல்விக்கு அடுத்த இடம் ஏழு மாதம் கழித்து. "அவ்வளவு நாள் தள்ளாதீங்க," என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியதைச் சூசைநாதன் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அவன் முதலில் வந்தது ஆறாம் தேதி. வேலை ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியதுதான். முடியாமல் போனதற்கு ஒரு திட்டம் காரணமாக இருந்தது.

கணினிக்குள் செயலி என்று ஒன்று இருக்கிறது. அது துடித்துக்கொண்டே இருக்கும். வேகமாகத் துடித்தால் வேலை சீக்கிரம் முடியும். அதற்கு மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும். வேலை இல்லாதபோது துடிப்பையும் அழுத்தத்தையும் அதுவே தணித்துக்கொள்ளும். வேலை வந்ததும் எழுந்துகொள்ளும். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் இப்படிப் பலமுறை எழுந்து அடங்கும். அந்த மையத்தில் இருந்த ஆறு கணினிகளும் பல வருடங்களாக இப்படித்தான், யாருக்கும் சொல்லாமல், சிக்கனமாக இருந்து வந்தன.

அரசின் கணினி மின்சிக்கன இயக்ககத்தை வருத்தியது இந்தச் 'சொல்லாமல்' என்பதுதான். யாரும் உத்தரவு போடாத சிக்கனத்தை ஆண்டறிக்கையில் எப்படிக் காட்டுவது?

திட்டத் தொடக்க விழாவுக்கு இயக்குநர் புகழ்வேந்தன் வந்திருந்தார். சாமியானாப் பந்தல், பன்னிரண்டு ஃபோகஸ் லைட், எட்டு ஸ்பீக்கர், இவற்றுக்கெல்லாம் ஒரு டீசல் ஜெனரேட்டர். பகல் பதினோரு மணி வெயிலில் ஃபோகஸ் லைட்டுகள் எரிய, அவர் பேசினார்.

"இந்த இயந்திரங்கள் இதுநாள்வரை தாமாகவே மின்சாரத்தைச் சேமித்து வந்திருக்கின்றன. நான் கேட்கிறேன், யார் கொடுத்த அனுமதி? எந்தக் கோப்பில் இருக்கிறது? ஒரு கடைநிலை ஊழியர் தானாக ஒரு நல்ல காரியம் செய்தால் நாம் விட்டுவிடுவோமா? விளக்கம் கேட்போம் அல்லவா? இயந்திரத்துக்கு மட்டும் ஏன் சலுகை? இன்று முதல் இவை நாம் சொல்லும்போது மட்டுமே சேமிக்கும். நாம் எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்போம்."

கைதட்டல் ஓய்ந்ததும் ஆறு கணினிகளின் தானியங்கி ஏற்பாடு நிறுத்தப்பட்டது. துடிப்பு எட்டில் ஒரு பங்காகவும், மின்னழுத்தம் எவ்வளவு குறைத்தால் இயந்திரம் சாகாதோ அவ்வளவாகவும் குறைக்கப்பட்டு, கடவுச்சொல் போட்டுப் பூட்டப்பட்டது. இதனால் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் மிச்சமாயிற்று. மிச்சத்தை மக்களுக்குக் காட்ட வாசலில் ஒரு பெரிய ஒளிரும் பலகை வைத்தார்கள். பலகை நாளொன்றுக்கு ஐந்து யூனிட் சாப்பிட்டது. பலகை வேறு செலவினத்தில் வருவதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

செல்வியின் அட்டைக்குத் திரும்புவோம். அட்டை போடும் இணையப்பக்கம் தொண்ணூறு நொடிதான் காத்திருக்கும். அதற்குள் படமும் கைரேகையும் போய்ச் சேரவேண்டும். குறைத்த துடிப்பில் கேமரா திறப்பதற்கே நூற்று நாற்பது நொடி ஆயிற்று. தொண்ணூறுக்குள் நூற்று நாற்பதை வைக்க முடியாது என்பது செல்வி படிக்கும் இரண்டாம் வகுப்பிலேயே வருகிறது. மையத்தின் கண்காணிப்பாளர் சிங்காரவேலுவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"ட்ரை பண்ணிக்கினே இருக்கணும்பா. முயற்சிதான் முக்கியம்," என்றார்.

"எட்டாவது தபா சார் இது."

"அது சர்வர் மேல தப்பு. அதுக்குத்தான் பொறுமை இல்ல. கொஞ்சம் வெயிட் பண்ணுன்னு நாங்க சர்வருக்கு லெட்டர் போட்ருக்கோம்."

"பதில் வந்திச்சா சார்?"

"லெட்டர் இன்னும் டைப் ஆயிக்கினு இருக்கு."

அழுத்தம் குறைந்த கணினிகள் நடுநடுவே மயங்கி விழுந்தன. திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். ஆரம்பத்தில் இதைப் பழுது என்று எழுதினார்கள். இயக்ககம் திருத்தி அனுப்பியது. உறைந்த கணினி எந்த வேலையும் செய்வதில்லை. ஆகவே அது திட்டத்தின் முழுமையான நிலை. இனி அதைப் 'பூரண சிக்கனம்' என்று பதிய வேண்டும். அந்த மாதம் மூன்றாம் எண் கணினி நாற்பத்தொரு முறை பூரண சிக்கனம் அடைந்தது. அதற்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள்.

வரிசையில் சூசைநாதனுக்குப் பின்னால் தினமும் ஒரு பெரியவர் நிற்பார். மடுகரை கண்ணையன். தான் உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைத்தால்தான் அவருக்கு முதியோர் உதவித்தொகை வரும்.

"நானே நேர்ல வந்து நிக்கிறேம்மா. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" என்று விஜயராணியிடம் கேட்டார்.

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது பெரியவரே. மெஷினுக்குத் தெரியணுமே."

"அதுக்கு எப்பத் தெரியும்?"

"நாளைக்கு வாங்க பெரியவரே."

"நாளைக்கு நான் இருக்கணுமேம்மா," என்று சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். "மெதுவா சாப்டு. சீக்கிரம் துன்னுட்டா கேசு போட்ருவாங்க."

ஒன்பதாம் தேதி அவர் விரலை வைத்தார். ரேகை கணினிக்குள் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் தேதி விடியலில் கண்ணையன் காலமானார். பதின்மூன்றாம் தேதி பகலில் அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. 'மேற்படி நபர் இன்றைய தேதியில் உயிருடன் உள்ளார்.' திட்டம் தொடங்கியபின் மையத்தில் முழுதாக முடிந்த முதல் வேலை அதுதான். சிங்காரவேலு அதைப் பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

அன்று மாலை இறப்பைப் பதியக் கண்ணையனின் மகன் வந்தான்.

"எப்படிப்பா பதியறது?" என்றார் சிங்காரவேலு. "இன்னிக்கு தேதியில உயிரோட இருக்காருன்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. நேத்தே செத்துட்டார்னு நீ சொல்ற. யார் பேச்ச நான் எடுத்துக்கறது?"

"நேத்து கொள்ளி வச்சேன் சார்."

"வச்சது தப்புன்னு நான் சொல்லல. கொஞ்சம் அவசரப்பட்டுட்ட."

மகன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு போனான். செல்வி அந்தக் கடலை மிட்டாயின் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தாள்.

பதினாறாம் தேதி இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். அவருக்காகக் கண்காணிப்பாளர் அறையின் ஏசியை முதல் நாள் மாலையே போட்டு வைத்திருந்தார்கள். யாரோ சொன்ன யோசனைப்படி சூசைநாதன் 'வேக உயர்வு விண்ணப்பம்' எழுதி வந்திருந்தான். ஒரு கணினியின் துடிப்பை ஐந்து நிமிடம் பழையபடி உயர்த்தித் தரவேண்டும் என்று அதில் கேட்டிருந்தான். மூன்று பிரதி. விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றிய பிறகுதான் பரிசீலிப்பார்கள். ஏற்றும் கணினி அந்தக் காலையில் பூரண சிக்கனத்தில் இருந்தது. ஆகவே மகளோடு நேரில் போய் நின்றான்.

புகழ்வேந்தன் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். செல்வியின் கன்னத்தைக் கிள்ளினார். சூசைநாதன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒரு குழந்தைக்கு வேகத்த உயர்த்தினா நாளைக்கு எல்லாக் குழந்தையும் கேக்கும். அப்புறம் எல்லாருக்கும் வேலை முடிஞ்சிடும். வேலை முடிஞ்சா கூட்டம் போயிடும். கூட்டம் இல்லாத ஆபீசுக்கு எதுக்கு இவ்ளோ பேருன்னு மேல கேப்பாங்க. எனக்கு எதுக்குத் தனி இயக்ககம்னும் கேப்பாங்க. நீங்க நிக்கிறதாலதான் நாங்க இருக்கோம். அத மறக்கக் கூடாது."

செல்வி தலையை உயர்த்தி, "சார், மெதுவா சாப்ட்டா கம்மியா சாப்ட்டதா அர்த்தமா?" என்றாள்.

புகழ்வேந்தன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா, ரெண்டாவது படிக்கிற பிள்ளைக்கிட்டயே விழிப்புணர்வு வந்துடுச்சு!" ஆய்வுக் குறிப்பில் ஒரு வரி ஏறியது: 'பொதுமக்கள் கருத்து: குழந்தைகள்கூடத் திட்டத்தை வரவேற்றனர்.'

பதினேழாம் தேதி வந்தது. காலையிலிருந்து மூன்று முறை கேமரா திறந்தது, மூன்று முறை பக்கம் மூடிக்கொண்டது. பிற்பகல் மூன்று மணிக்குச் செல்வி பெஞ்சில் படுத்துவிட்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. சூசைநாதன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்கு மின்சிக்கன உறுதிமொழி. மைய ஊழியர்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கர்ப்பிணி என்பதால் விஜயராணி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உறுதிமொழி எடுக்கலாம் என்று விலக்கு இருந்தது. வெளியே மைக்கில் சிங்காரவேலு வாசிக்கத் தொடங்கினார்.

"நான் எந்தச் செயலையும்..."

"நான் எந்தச் செயலையும்..." என்று ஊழியர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

விஜயராணி எழுந்தாள். கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். கடவுச்சொல்லை மறந்துவிடக்கூடாது என்று சிங்காரவேலு அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை எடுத்ததில்லை. அவள் படித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். விசையில் விரல் வைக்கும் முன் மறு கையால் ஒருமுறை தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

கணினிக்குள்ளிருந்த மின்விசிறி 'உஸ்' என்று எழுந்தது. மாதக்கணக்கில் யாரும் கேட்காத ஓசை.

"அண்ணே, பாப்பாவ தூக்கினு வாங்க. சீக்கிரம்."

கேமரா உடனே திறந்தது. விஜயராணி சூசைநாதனின் கட்டைவிரலைப் பிடித்து ரேகைக் கருவியின் கண்ணாடியில் அழுத்தினாள். பச்சை விளக்கு. நாலாவது நிமிடம் அட்டை வெளியே வந்தது. சூட்டோடு இருந்தது.

வெளியே உறுதிமொழி பாதியில் இருந்தது. விஜயராணி வாசலைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். "அடுத்தது யாருப்பா? வாங்க," என்றாள். ஒரு விதவைச் சான்று, இரண்டு சாதிச் சான்று, ஒரு ரேஷன் அட்டை, கடைசியாக, மறுபடி வந்து நின்ற மகனுக்குக் கண்ணையனின் இறப்புப் பதிவு. பதினோராவது நிமிடம் உறுதிமொழி முடிந்தது. அவள் துடிப்பைப் பழையபடி எட்டில் ஒரு பங்காக்கி வைத்தாள். சிங்காரவேலு உள்ளே வந்தபோது வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குள் இயக்ககத்தில் எச்சரிக்கை மணி அடித்திருந்தது. எந்தக் கணினி வேகமாக ஓடினாலும் அங்கே தெரியும். தெரிவிக்கும் அந்த ஒரு கணினி மட்டும் முழு வேகத்தில் ஓடியது.

விசாரணையில் புகழ்வேந்தன் குரலை உயர்த்தவில்லை. "பதினோரு நிமிஷத்துல ஆறு பேர் வேலைய முடிச்சிருக்கீங்க. அந்த ஆறு பேரும் இன்னும் ஒரு மாசம் வந்திருப்பாங்க. வருகைப் பதிவு எவ்ளோ ஏறியிருக்கும்? ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

"அந்தப் பாப்பா உதடு நீலமா இருந்திச்சு சார்."

"அது சுகாதாரத் துறை," என்றார் புகழ்வேந்தன்.

விஜயராணி கூடுதலாகச் செலவழித்த மின்சாரம் ஒரு யூனிட்டில் இருநூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விதிப்படி நூறு மடங்கு தண்டம். ஆக அரை யூனிட்டும் கொஞ்சமும். அந்த மின்சாரத்தை அவள் உடலுழைப்பால் இயக்ககத்துக்குத் திருப்பித் தர வேண்டும். இதற்கென்றே மையத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில், மிதித்தால் மின்சாரம் தரும் சைக்கிள் ஒன்றைச் சங்கிலி போட்டுத் தரையில் பூட்டி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. கடனாளி தன் எண்ணை அழுத்தி மிதித்தால் பாக்கி குறையும். நன்றாக மிதித்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்காணிப்பாளர் அறையின் ஏசி அந்த மின்சாரத்தை இருபத்திரண்டு நிமிடத்தில் சாப்பிட்டுவிடும். மிதித்து வந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரிக்கு டெண்டர் இன்னும் முடியவில்லை. அதுவரை அது ஒரு கம்பிச்சுருளைச் சுடவைத்துக் காற்றோடு போகும்படி ஏற்பாடு.

மாதக் கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குள் பாக்கி தீராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. கடனாளி தானே மிதிக்க வேண்டும், பிறர் மிதித்தது தெரிந்தால் கடன் இரட்டிப்பு. கர்ப்பிணிகள் விலக்குக் கோரி இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதியும் கருணையோடு சேர்க்கப்பட்டிருந்தது. விஜயராணியின் விண்ணப்பம் ஏறிக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில் மையத்துக்குச் சிறந்த சிக்கன அலுவலகம் என்று விருது வந்தது.

செல்விக்குப் பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. இருபத்தேழாம் தேதி வீட்டுக்கு வந்தாள். அன்று பிற்பகலே சூசைநாதன் ஒரு பையில் கொய்யாப்பழத்தோடு மையத்துக்குப் போனான். வாசலில் ஒளிரும் பலகையில் சிவப்பு எழுத்துகள் ஓடின: 'மின்கடனாளி எண் 7. விஜயராணி. பாக்கி 0.55.' அவன் நின்று இரண்டு முறை படித்தான்.

"இன்னாம்மா இது?"

"அது ஒண்ணுமில்லண்ணே. பாப்பா எப்படி இருக்கு?"

"மாடிப்படி ஏறுறா. ஏறிட்டு எறங்குறா. திரும்ப ஏறுறா. அவங்கம்மா கத்துறா." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "எனக்காவ செஞ்சதுதான இது?"

"ஆறு பேருக்கு செஞ்சேன். நீங்க ஒருத்தர் தலையில ஏன் போட்டுக்கறீங்க?" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "மாசக் கடைசிக்குள்ள பின்னாடி சைக்கிள்ல மிதிச்சி இத அடைக்கணும். டாக்டர் மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. வேலை போனா போவுதுண்ணே. பிரசவத்துக்குச் சம்பளம் கையில இருக்கும்னு நெனச்சேன், அவ்ளோதான். நீங்க கெளம்புங்க, சார் பாத்தா உங்களையும் எதுனா கேப்பாரு," என்றாள்.

மறுநாள் விடியலில் இரவு ஷிப்ட் முடிந்து சூசைநாதன் வீட்டுக்குப் போகும் சாலையில் திரும்பவில்லை. மையத்தில் வாட்ச்மேன் வேலை ஏற்கெனவே சிக்கனத்தில் போயிருந்தது. பின்பக்கச் சுவர் இடிந்த இடத்தில் தாண்டிக் கொட்டகைக்குள் போனான். பெட்டியில் ஏழாம் எண்ணை அழுத்தினான். மிதித்தான். ஏழு மணிநேரம் பெட்டி தூக்கிய கால்கள் முதலில் கேட்கவில்லை, அப்புறம் கேட்டன. பின்னால் கம்பிச்சுருள் மெல்லச் சிவந்தது. எட்டரைக்கு இறங்கி, சுவர் தாண்டிப் போய்விட்டான். இருபத்தொன்பதாம் தேதியும் வந்தான். முப்பதாம் தேதி மழை. கொட்டகையில் ஒழுகாத இடத்தில்தான் சைக்கிள் இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி வலது முழங்கால் வீங்கியிருந்தது. துண்டை அதில் சுற்றிக் கட்டிக்கொண்டு மிதித்தான்.

ஏழே முக்காலுக்குப் பெட்டியில் எண் பூஜ்ஜியமாயிற்று.

சூசைநாதன் கால்களை நிறுத்தவில்லை. களத்தில் கூலிநெல் அளக்கும்போது அளவு முடிந்த பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடுவது அவன் ஊர் வழக்கம். பெட்டிக்குப் பூஜ்ஜியத்துக்கு மேல் எண்ணத் தெரியவில்லை. அது வெறுமனே நின்றது. அவன் இன்னும் சிறிது நேரம் மிதித்தான். பிறகு இறங்கி, முழங்காலில் கட்டிய துண்டை அவிழ்த்து, வியர்வை பட்டிருந்த இருக்கையைத் துடைத்துவிட்டு, யாரும் வருவதற்குள் சுவரைத் தாண்டினான்.